3-3 ஆ, 4-2 ஆ? ஃபைனல் ஸ்கோரைத் திருத்துங்கள்

பென்னாகரம் பேக்:
நேற்று இங்கே ஓசூர் ஸ்ட்ரைக்கர் ஒரு வரி எழுதியிருந்தார்: "2022 கால்பந்து உலகக்கோப்பை ஃபைனலில் அர்ஜென்டினா பிரான்சை 4-2 என்று ஜெயித்தது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அந்த ஆட்டம் 3-3. டிரா. 120 நிமிடம் ஆடியும் முடிவு வரவில்லை. 4-2 என்பது அதற்கப்புறம் முடிவு தெரிய மாறி மாறி அடித்த பெனால்டிகளின், அதாவது ஷூட் அவுட்டின், கணக்கு. விதிப்புத்தகத்தில் 10-ஆவது விதியைப் பாருங்கள். அந்த உதைகள் ஆட்டம் முடிந்த பிறகு அடிப்பவை, ஆட்டத்தில் சேராது. எழுதியதைத் திருத்துங்கள்.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
கப்பு யார் கையில் இருக்கிறது அண்ணே? டிரா ஆன ஆட்டத்துக்கு எவனாவது கப்பு கொடுப்பானா? 2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். சாஃப் (தெற்காசியக் கோப்பை) ஃபைனல், இந்தியா-குவைத் 1-1. ஷூட் அவுட்டில் 5-4. நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் கடைசி உதையைத் தடுத்ததும் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்து அழுதேன். நான் அழுதது டிராவுக்கா?

பென்னாகரம் பேக்:
நீங்கள் அழுததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்கோர் என்ன என்பதுதான் கேள்வி. பிரான்சின் எம்பாப்பே அந்த ஃபைனலில் மூன்று கோல் அடித்தார், ஷூட் அவுட்டிலும் ஒன்று போட்டார். கணக்கில் ஏறியது மூன்றுதான். தொடர் முழுக்க அவருக்கு 8, மெஸ்ஸிக்கு 7. ஷூட் அவுட் உதையும் கோல்தான் என்றால் மெஸ்ஸி நெதர்லாந்துடன் ஷூட் அவுட்டில் போட்டது, ஃபைனல் ஷூட் அவுட்டில் போட்டது இரண்டும் சேர்ந்து 9 ஆகும். எம்பாப்பேவுக்கும் 9. அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. 3-3.

காவேரிப்பட்டணம் மாமா:
தம்பிங்களா, பெனால்டி வந்ததே பெரிய விஷயம். 1968 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் 0-0. காசு சுண்டிப் போட்டு இத்தாலியை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். அந்த ஃபைனலும் 1-1 என்று நின்று, இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடித்தான் கப்பு வாங்கினார்கள். பெனால்டி ஷூட் அவுட் முறைக்கு 1970-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு மணி நேரம் ஓடினவனைக் காசு போட்டு வீட்டுக்கு அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பென்னாகரம் பேக்:
மாமா, நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். அன்றைக்கு இத்தாலி காசு சுண்டி 1-0 என்று ஜெயித்ததாக யாராவது எழுதினார்களா? 0-0 என்றுதான் எழுதினார்கள். அதே மாதிரிதான் இதுவும். 3-3.

அரூர் பி.டி. சார்:
இந்தத் தலைவலியே வேண்டாமென்றுதான் கோல்டன் கோல் வைத்தார்கள். 90 நிமிடத்துக்கு மேல் ஆடும் எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது. 1996 யூரோ ஃபைனலில் ஜெர்மனியின் பியர்ஹாஃப், 2000-இல் பிரான்சின் ட்ரெசகே அப்படித்தான் முடித்தார்கள். அதைத் தூக்கியது தவறு. என் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அப்படித்தான் ஆட வைக்கிறேன்.

ஊத்தங்கரை விங்கர்:
சார், கோல்டன் கோல் இருந்தால் எவனும் மேலே ஏறி ஆட மாட்டான். எங்கே ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்று இரண்டு பக்கமும் பின்னாலேயே நிற்பான். அதனால்தான் தூக்கினார்கள்.

அரூர் பி.டி. சார்:
நான் இருபது வருஷமாகக் கிரவுண்டில் நிற்கிறேன். நீ எத்தனை வருஷம் தம்பி?

ஊத்தங்கரை விங்கர்:
வருஷத்தை எதற்குக் கேட்கிறீர்கள் சார், பதிலைச் சொல்லுங்கள்.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
பென்னாகரத்து அண்ணன் ஏன் இப்படிக் குதிக்கிறார் என்று எனக்குத் தெரியும். போன பொங்கல் டோர்னமெண்ட் செமியில் எங்களிடம் பெனால்டியில் தோற்றார்கள். அதை டிரா என்று சொல்லத்தான் உலகக்கோப்பையை இழுக்கிறார். நாங்கள் 3-1 என்று ஜெயித்தோம்.

பென்னாகரம் பேக்:
அது 1-1. எங்களை யாரும் தோற்கடிக்கவில்லை. உங்கள் கோல்கீப்பர் இரண்டு தடவையும் உதைக்கும் முன்னாடியே கோல் கோட்டிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். உதைக்கும் நேரத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ அதற்குப் பின்னாலோ இருக்க வேண்டும். ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. வீடியோ என்னிடம் இருக்கிறது.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
இருந்தால் போடுங்கள். ஒரு வருஷமாக இருக்கிறது, இருக்கிறது என்றுதான் சொல்கிறீர்கள்.

பாலக்கோடு தக்காளி:
நீங்கள் பெனால்டிக்காவது போனீர்கள். எங்களை ஒரு ஊரில் இருட்டிவிட்டது என்று சீட்டுக் குலுக்கி வெளியே அனுப்பினார்கள். சீட்டு எடுத்தது கமிட்டிக்காரரின் பையன். இரண்டு சீட்டிலும் ஒரே பெயர்தான் எழுதியிருந்தது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

காவேரிப்பட்டணம் மாமா:
2004-இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து தர்மபுரிக்காரர்கள் கிருஷ்ணகிரிக்காரன் ஜெயித்தால் ஒத்துக்கொள்வதில்லை.

பாலக்கோடு தக்காளி:
மாமா, மாவட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? எங்களைச் சீட்டில் ஏமாற்றியதும் தர்மபுரி ஊர்தான்.

பென்னாகரம் பேக்:
பேச்சை மாற்றாதீர்கள். இன்னொன்று சொல்கிறேன். 2006 உலகக்கோப்பையில் சுவிட்சர்லாந்து உக்ரைனுடன் 0-0, ஷூட் அவுட்டில் 0-3 என்று வெளியேறியது. ஒரு கோல்கூட வாங்காமல் வெளியேறிய அணி என்றுதான் உலகமே அவர்களைச் சொல்கிறது. ஷூட் அவுட்டும் ஆட்டம்தான் என்றால் மூன்று கோல் வாங்கிய அணி என்றல்லவா சொல்ல வேண்டும்? ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் அட்டைகூட ஷூட் அவுட்டுக்குத் தொடராது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 3-3.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
சுவிட்சர்லாந்து வீட்டுக்குப் போனதா, இல்லையா?

பென்னாகரம் பேக்:
போனது. தோற்று அல்ல.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
தோற்காமல் எதற்குப் போனது? பெனால்டி அடிக்க நடந்து போகிறவனின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? 1994 உலகக்கோப்பை ஃபைனலில், பிரேசிலுடன் ஷூட் அவுட்டில், இத்தாலியின் பாஜியோ அடித்த பந்து கோலுக்கு மேலே போனது, இன்றைக்கு வரைக்கும் அந்த ஆளைப் பார்த்தால் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. அது ஆட்டம் இல்லையென்றால் வேறெது ஆட்டம்?

ஊத்தங்கரை விங்கர்:
பாஜியோ மேல் மட்டும் பழி போடாதீர்கள். அதே அணியின் பரேசியும் மஸ்ஸாரோவும் அதற்கு முன்பே பெனால்டியைத் தவறவிட்டார்கள். பாஜியோ போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு ஒரு உதை மிச்சம் இருந்தது.

அரூர் பி.டி. சார்:
கோல்டன் கோல் அந்த ஃபைனலில் இருந்திருந்தால் பாவம் பாஜியோ தப்பித்திருப்பார்.

ஊத்தங்கரை விங்கர்:
120 நிமிடத்தில் ஒரு கோலும் விழவில்லை சார். கோல்டன் கோல் எங்கிருந்து வரும்?

பென்னாகரம் பேக்:
ஓசூர், கடைசியாகக் கேட்கிறேன். அந்த வரியை 3-3 என்று திருத்துவீர்களா, மாட்டீர்களா?

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
மாட்டேன். 4-2.

பென்னாகரம் பேக்:
சரி. இனி இங்கே நீங்கள் என்ன எழுதினாலும் அடியில் வந்து 3-3 என்று போடுவேன்.

ஓசூர் ஸ்ட்ரைக்கர்:
வாருங்கள். வரும்போது அந்த வீடியோவையும் எடுத்து வாருங்கள்.