புதுப்பிப்பு: இணையம் வழி ஹீட்டர் சோதனை, செய்து பார்த்த பிறகு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கருவிகள் போதவில்லை. ஐஐடி பம்பாய் உருவாக்கிய, இணையம் வழியே இயக்கக்கூடிய 'சிங்கிள் போர்டு ஹீட்டர் சிஸ்டம்' என்ற சோதனைக் கருவி மாணவர்களுக்கு உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நன்றாகவே உதவுகிறது.

சிலர் இதைச் சிமுலேஷன் என்று நினைத்தீர்கள். இல்லை, நிஜக் கருவிதான். நிக்ரோம் சுருள் சூடாக்கும் சின்ன எஃகுத் தகடு, ஒரு வெப்பநிலை சென்சார், ஒரு விசிறி. மாணவர் வீட்டிலிருந்தே சைலாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஹீட்டர் அளவை மாற்றுகிறார், தகடு மெல்லச் சூடேறுகிறது. விசிறியைக் கூட்டினால் வெப்பம் இறங்கும். வெப்பநிலையை நாம் கேட்ட அளவில் நிறுத்த ஹீட்டரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் பிஐடி கன்ட்ரோலர் அதைச் சரிக்கட்ட வேண்டும். பாடப்புத்தகத்தில் வருகிற வழவழப்பான வெப்பநிலைக் கோடு இங்கே கிடைக்காது. எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

அப்புறம், நெட் மெதுவாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர்களுக்கு: கன்ட்ரோலருக்கான கணக்கீடு மாணவரின் கணினியில்தான் நடக்கிறது. சிக்னல் தாமதமானால் கன்ட்ரோலர் பழைய வெப்பநிலையை வைத்து முடிவெடுக்கும், வெப்பநிலை மேலும் கீழுமாக ஆட ஆரம்பிக்கும். இந்தத் தாமதத்தை 'டெட் டைம்' என்று கரும்பலகையில் எழுதிப் புரிய வைக்க முடியாததை மாணவர்கள் இதில் கண்ணாலேயே பார்த்தார்கள். அதனால் ஒவ்வொரு அளவீட்டோடும் நேரத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.