புதுப்பிப்பு: கறுவாத் தோட்டம் பார்த்துவிட்டோம்

கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தோட்டம் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் நுவரெலியாத் தேயிலையைச் சொன்னீர்கள். பிள்ளைகளோடு அது ஒரு நாளில் அடங்காது. அதனால் தெற்கு அதிவேக வீதியில் காலிப் பக்கம் போய், பயணிகளுக்குத் திறந்திருக்கும் ஒரு கறுவாத் தோட்டத்தைப் பார்த்தோம்.

பட்டை உரிப்பவரின் கைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் உட்பட்டை கிழியாமல் கழன்று வருகிறது. சிறு துண்டுகளைப் பெரிய பட்டைக்குள் செருகி நிழலில் உலர்த்துகிறார்கள். மிக மெல்லியது 'அல்பா' தரம். விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேல் போகாது. இந்தக் கைத்திறனுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு போதவே போதாது.

அங்கே வாங்குவதானால் பல அடுக்காகச் சுருண்டு, விரலில் நொறுங்கும் பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். தடித்த ஒற்றைச் சுருள் பெரும்பாலும் 'கசியா' எனும் வேறு மரத்தின் பட்டை.