சிங்கப்பூரா பூனைக்கு வெளிக்கலப்பு வேண்டுமா, வேண்டாமா?

பூனையம்மா:
போன மாதம் எங்கள் சிங்கப்பூரா இறந்துபோனது. நாலு வயதுதான். சாப்பிடாமல் சோபாவுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு அரிசிமாவு மாதிரி வெளுத்திருந்தது. பைருவேட் கைனேஸ் குறைபாடு, ரத்தச் சிவப்பணு சீக்கிரம் உடைந்துவிடும் என்றார் மருத்துவர். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் இந்த நோய் தாக்குமாம். 1975இல் ஓர் அமெரிக்கத் தம்பதி இங்கே சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மூன்று பூனைகளில் தொடங்கிய ரகம் இது. சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் கோளாறும் கோளாறும் சந்திக்கத்தானே செய்யும்? வெளியிலிருந்து ஒரு பூனையைச் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

வம்சாவளி:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் இந்த நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். வளர்ப்பவர் அதைச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அவர் செய்யாததற்கு ரகத்தை ஏன் கலைக்க வேண்டும்? வெளிப்பூனையின் பாட்டன் பூட்டனுக்கு என்ன நோய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சுத்த ரகத்தில் அந்தக் கணக்காவது கையில் இருக்கும்.

காப்பிக்கடை:
சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் தெரிந்த நோயைத்தான் சோதனை காட்டும். சிக்கியதையெல்லாம் ஒதுக்கினால் மிஞ்சுவது இன்னும் சின்னக் கூட்டம், அங்கே பெயர் தெரியாத அடுத்த கோளாறு காத்திருக்கும். டால்மேஷன் நாய்களைப் பாருங்கள். சிறுநீரில் யூரிக் அமிலம் கூடிக் கல் அடைக்கும் குறை அந்தச் சுத்த ரகம் முழுவதிலும் இருந்தது. 1973இல் ஒரே ஒரு பாய்ன்ட்டர் நாயைக் கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடேயே சேர்த்தார்கள். பாய்ன்ட்டர் பங்கு பாதி, கால், அரைக்கால் என்று கரைந்தது, புள்ளி அப்படியே நின்றது. அந்த வாரிசுகளை அமெரிக்காவின் நாய் ரகப் பதிவேடு ஏற்கவோ 2011 ஆகிவிட்டது. அத்தனை வருடமும் மற்ற நாய்கள் கல்லோடு அவதிப்பட்டன.

வம்சாவளி:
நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. கோளாறான பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் பூனையை, சுமக்காத பூனையோடு சேர்க்கலாம், எந்தக் குட்டியும் நோயில் விழாது. அப்புறம், டால்மேஷனில் நல்ல பிரதி ரகத்துக்குள் எங்குமே இல்லை, அதனால் வெளியே போனார்கள். சிங்கப்பூராவில் இருக்கிறதே! சரி, கலப்பது என்றால் எதோடு? பர்மீஸ் ரகப் பூனையோடா?

காப்பிக்கடை:
பர்மீஸ் உதவாது. மரபணு ஆய்வில் இரண்டும் மிக நெருங்கிய சொந்தம், இரண்டிலும் மரபணு வகைகள் குறைவு. அந்த மூன்று பூனைகளே 1974இல் அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து திரும்பியவை என்று இறக்குமதித் தாளில் பின்னால் தெரியவந்தது, அதனால் அவற்றில் பர்மீஸ் கலந்திருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்தது. நான் சொல்வது நம் புளோக் பூனையை, அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியில் திரியும் தெருப்பூனையை. சிங்கப்பூராவின் முடியை ஒன்று பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள், பழுப்பும் தந்தநிறமும் மாறி மாறி வளையமாக இருக்கும். அந்த வளைய முடி ஓங்கிய குணம், ஒரு பிரதி இருந்தாலே போதும், முதல் கலப்பிலேயே வந்துவிடும். நிறத்தை வெளிறச் செய்யும் மரபணுதான் ஒடுங்கியது, இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் தெரியும். முதல் தலைமுறை கருத்திருக்கும். அதைத் திரும்பச் சிங்கப்பூராவோடு சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குப் பழைய நிறம் திரும்பும்.

வம்சாவளி:
நிறம் திரும்பும், வால்? எங்கள் புளோக்கில் சோறு தின்ன வரும் பூனைகளில் எத்தனைக்கு வால் முடிச்சு விழுந்து குட்டையாக நிற்கிறது! அதுவும் ஓங்கிய குணம்தான். நேர்வால் உள்ளதாகப் பார்த்து, குறைபாட்டுச் சோதனையும் செய்து, ஒரே ஒரு முறை கலப்பது என்றால் யோசிக்கலாம். எந்தக் கலப்பையும் சேர்க்கும்படி ரகப் பதிவேட்டைத் திறந்துவிட நான் சம்மதிக்க மாட்டேன். இன்னொன்று, நிறம் திரும்பாத குட்டிகளை யார் எடுப்பார்கள்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரண்டு பூனைக்குத்தான் அனுமதி. யாரும் கேட்காத குட்டி கடைசியில் காப்பகத்துக்குத்தான் போகும்.

பூனையம்மா:
நீங்கள் கேட்பது நியாயம் தம்பி. எங்கள் வீட்டில் இப்போது ஒரு கிழட்டுப் பூனை மட்டும் இருக்கிறது. கருத்துப் பிறந்த குட்டி ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். சோதனைத் தாளை மட்டும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.