12,000 ரூபாய்க்குள் கேமிங் மானிட்டர்: 24 இன்ச் தட்டையா, 27 இன்ச் வளைவா?

நள்ளிரவு_லாபி:

வணக்கம். 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்), 21.5 இன்ச் பழைய மானிட்டரின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. போன வாரம் அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் வந்துவிட்டது. இனி மாற்ற வேண்டியதுதான்.

சிஸ்டம்: ப்ராசஸர் ரைசன் 5 3600, கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, 16 ஜிபி ரேம். கார்டின் பின்னால் டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் தலா ஒன்று. வேலரன்ட், சிஎஸ்2 (இரண்டும் ஷூட்டர் கேம்) தினமும். சனி ஞாயிறு எல்டன் ரிங். பட்ஜெட் 12,000, இழுத்துப் பிடித்தால் 13,000. கார்டை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இரண்டடி இருக்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இந்த விலைக்கு 27 இன்ச் வளைந்த திரை, 1080பி (1920க்கு 1080 பிக்சல்), எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி), 1 எம்எஸ் (ஒரு மில்லிசெகண்ட் வேகம்) என்று காட்டுகிறார்கள். 24 இன்ச் தட்டையும் கிட்டத்தட்ட அதே விலைதான். பெரிசையே எடுத்துவிடலாமா?

---

சால்டரிங்_சாமி:

வாங்குவதற்கு முன்னால் இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி, அந்த மெனுப் பெட்டியைக் கோடு இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். பொசிஷன் செட்டிங் பெரும்பாலான மானிட்டர்களில் உண்டு. பச்சைக் கோடு மெனுவின் மேலேயும் ஓடினால் கோளாறு பேனலில், அதாவது படம் தெரியும் திரைத் தகட்டில். மெனு சுத்தமாகத் தெரிந்து, பின்னால் இருக்கும் படத்தில் மட்டும் கோடு இருந்தால் கேபிளையோ கார்டையோ சந்தேகப்படுங்கள். மெனுவை நகர்த்த முடியவில்லை என்றால் கேபிளை உருவிவிடுங்கள். "சிக்னல் இல்லை" என்று வரும் திரையிலும் கோடு நின்றால் பேனல்தான்.

பேனல் என்றால் செலவழிக்காதீர்கள். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு விட்டுப்போவதால்தான் பெரும்பாலும் இப்படிக் கோடு விழும். ஓரத்தை அழுத்தினால் கோடு மறையும், கையை எடுத்தால் திரும்ப வரும். அதை ஒட்டவைக்கும் மெஷின் சாதாரண சர்வீஸ் கடையில் இருக்காது. பேனலையே மாற்றினால் புது மானிட்டர் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

திரை மொத்தமாக இருண்டு போயிருந்தால் கதை வேறு. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் அல்லது பவர் போர்டு. அது சில நூறு ரூபாயிலேயே முடிய வாய்ப்புண்டு.

---

ஹெர்ட்ஸ்_வேட்டை:

27 இன்ச்சில் 1080பி வேண்டாம். நீங்கள் இப்போது பார்ப்பது 21.5 இன்ச், ஓர் இன்ச்சுக்குச் சுமார் 102 பிக்சல். 24 இன்ச் என்று விற்பதெல்லாம் 23.8, அதில் 93 வரும். 27-க்குப் போனால் 82-ஆக இறங்கிவிடும். இரண்டடி தூரத்தில் எழுத்தின் விளிம்பு மரத்தூள் மாதிரி உதிர்ந்து தெரியும். வேலரன்டில் தூரத்து ஆள் பெரிதாகத் தெரிவான், தெளிவாகத் தெரிய மாட்டான்.

27-க்கு ஏற்ற ரெசல்யூஷன் 1440பி. ஆனால் 1080பி-யைப் போல 1.78 மடங்கு பிக்சலை வரைய வேண்டும். 4 ஜிபி 1650-க்கு எல்டன் ரிங் 1080பி-யிலேயே மூச்சு வாங்கும். கார்டு மாற்றுவதாக இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் அந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது.

எடுக்க வேண்டியது 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் (ஒரு பேனல் வகை), 144 ஹெர்ட்ஸ் அல்லது மேல். 60-இல் ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட் திரையில் நிற்கும், 144-இல் 6.9, 180-இல் 5.6. 60-லிருந்து 144-க்குப் போனால் முதல் ரவுண்டிலேயே தெரியும். 144-க்கும் 180-க்கும் உள்ள 1.4 மில்லிசெகண்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதே விலைக்கு வந்தால் எடுங்கள்.

ஸ்பெக் ஷீட்டில் பலர் பார்க்காமல் விடுவது ஃப்ரீசிங்க் ரேஞ்ச். ஃப்ரீசிங்க் என்றால் கார்டு தரும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி. 48-லிருந்து 144 வரை என்று போட்டிருந்தால் கேம் 40 எஃப்பிஎஸ்-க்கு (நொடிக்கு 40 ஃப்ரேம்) இறங்கினாலும் மானிட்டர் ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு முறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓடும், படம் கிழியாது. இந்த வித்தைக்கு மேல் எண் கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். "ஃப்ரீசிங்க் உண்டு" என்று விற்கும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரின் ரேஞ்ச் பெரும்பாலும் 48–75. அங்கே இது நடக்காது, 48-க்குக் கீழே போனதும் கைவிட்டுவிடும். எல்டன் ரிங்கில் கேமே 60-க்கு மேல் போக விடாது. உங்கள் கார்டில் அது 45-க்கும் 60-க்கும் நடுவே ஊசலாடும்போது இந்த ரேஞ்ச்தான் காப்பாற்றும்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் "1 எம்எஸ்" பக்கத்தில் எம்பிஆர்டி என்று பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது பேனலின் வேகம் இல்லை. பேக்லைட்டை விட்டுவிட்டு எரித்து மங்கலைக் குறைக்கும் மோட். அதைப் போட்டால் வெளிச்சம் குறையும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கும் அணைந்துவிடும். எச்டிஆர் ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். 250, 300 நிட்ஸ் வெளிச்சத்தில், முழுத் திரைக்கும் ஒரே பேக்லைட் வைத்து எச்டிஆர் என்றால் சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம்.

---

இருட்டறை:

வேட்டை அண்ணா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விஏ என்ற இன்னொரு பேனல் வகையை இப்படிப் பேசாமலே தள்ளிவிட்டால் எப்படி? ஐபிஎஸ் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம்) 1000-க்கு 1 அளவில்தான் இருக்கும், விஏ சாதாரணமாகவே 3000-க்கு 1. எல்டன் ரிங்கின் குகையை ராத்திரி விளக்கணைத்து ஆடிப் பாருங்கள்: ஐபிஎஸ்-இல் கறுப்பு சாம்பலாகும், மூலைகள் வெளிறும். கதை கேம்தான் அதிகம் என்றால் 24 இன்ச் விஏ எடுப்பதில் தப்பே இல்லை.

---

ஹெர்ட்ஸ்_வேட்டை:

கறுப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி தம்பி. ஆனால் இவர் தினமும் ஆடுவது ஷூட்டர். மலிவு விஏ-வில் கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும் வேகம் ரொம்பக் குறைவு. நிழலில் நிற்கும் ஆளைச் சுற்றி மவுஸை வேகமாகத் திருப்பினால் பின்னால் மை இழுத்த மாதிரி கறை ஓடும். பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் செட்டிங்கை ஏற்றினாலும் முழுதாகப் போகாது. சாம்சங் ஒடிஸி ஜி7 மாதிரி வேகமான விஏ இருக்கிறது, ஆனால் அது இந்தப் பட்ஜெட்டே இல்லை. தவிர ஃப்ரேம்ரேட் ஏறி இறங்கும்போது சில விஏ பேனல்களில் இருண்ட காட்சி மினுமினுக்கும். 1650-இல் ஏற்ற இறக்கத்துக்கா பஞ்சம்?

வாங்கும்போது மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஏஓசி கம்பெனியில் 24ஜி2 ஐபிஎஸ், தட்டை. சி24ஜி1 விஏ, வளைவு. "ஏஓசி 144 ஹெர்ட்ஸ்" என்று வாயால் கேட்டால் கையிருப்பில் இருப்பதை எடுத்து நீட்டுவார்கள்.

---

நள்ளிரவு_லாபி:

மெனுவை நகர்த்திப் பார்த்தேன், கோடு அதன் மேலேயும் ஓடுகிறது. ஆக பேனல்தான், நன்றி சாமி அண்ணா. 24 இன்ச் ஐபிஎஸ் என்று முடிவாகிவிட்டது. பார்த்து வைத்த மாடலின் பெட்டிக்குள் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் வருகிறதாம். அது போதுமா? வாங்கியதும் என்னென்ன பார்க்க வேண்டும்?

---

கேபிள்_கோவை:

உங்கள் கார்டுக்குப் போதாது. உங்கள் கார்டின் சிப் கம்பெனியான என்விடியா 2019 ஜனவரி டிரைவரில்தான் ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்கு வழிவிட்டது, அதுவும் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. எச்டிஎம்ஐ-யில் வேண்டுமென்றால் மானிட்டர் எச்டிஎம்ஐ 2.1 தரத்து விஆர்ஆர்-ஐ (ஃப்ரீசிங்க் மாதிரியே ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) ஏற்க வேண்டும்; இந்த விலையில் அதை நம்பி வாங்காதீர்கள். ஹெர்ட்ஸும் அடிபடலாம்: மானிட்டரின் எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பி-யில் பொதுவாக 120-உடன் நின்றுவிடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைத் தனியாக வாங்குங்கள், 1.5 மீட்டர் போதும். வெசா (VESA, மானிட்டர் தரங்களை வகுக்கும் அமைப்பு) சான்று உள்ளதாகப் பாருங்கள். மட்டமான சில கேபிள்களில் 20-வது பின்னையும் இணைத்து வைத்திருப்பார்கள். மானிட்டரிலிருந்து கார்டுக்குக் கரண்ட் பின்வழியாக ஏறி, சிஸ்டம் பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். காரணம் கேபிள் என்று யாருக்கும் தோன்றாது.

மாட்டும்போது கார்டில் மாட்டுங்கள். 3600-இல் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். பிறகு மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 144-ஐத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் 60-இலேயே ஆடுகிறவர்கள் ஏராளம். அடுத்து என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் (என்விடியாவில் ஃப்ரீசிங்க் வேலையைச் செய்யும் வசதி) பக்கத்தில் டிக். வி-சிங்க்கை (ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் செட்டிங்) அங்கே ஆன், கேமுக்குள் ஆஃப். எஃப்பிஎஸ் வரம்பை 141-இல் வையுங்கள். 144-ஐ முட்டினால் ஃப்ரீசிங்க் விலகி வி-சிங்க் உள்ளே வரும், மவுஸ் தாமதித்துக் கை கனக்கும். வேலரன்டுக்கு மட்டும் எல்லாவற்றையும் அணைத்து வரம்பில்லாமல் விடுவதும் சரிதான்.

ஓவர்டிரைவில் உச்ச அளவை விட ஒரு படி கீழே வையுங்கள். உச்சத்தில் நகரும் பொருளின் பின்னால் வெளிறிய நிழல் ஒட்டிக்கொண்டு வரும். ஃப்ரேம்ரேட் குறையக் குறைய அது கூடும்.

பெட்டி பிரிப்பதை வெட்டில்லாத ஒரே வீடியோவாக எடுங்கள், சீரியல் எண் தெரிய வேண்டும். கடையில் வாங்கினால் அந்த எண் பில்லில் ஏறட்டும். முதல் நாளே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு செத்த பிக்சலுக்குக் கம்பெனி வாரண்டியில் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். ஆன்லைன் கடையின் மாற்று நாட்களுக்குள் பிடித்தால்தான் உண்டு. கறுப்புத் திரையில் மூலை வெளிறித் தெரிந்தால் தலையை இடம் வலம் நகர்த்துங்கள். வெளிச்சம் கூடவே நகர்ந்தால் ஐபிஎஸ்-க்கே உரிய குணம், எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் இருக்கும். நகராமல் ஓரத்தில் அப்படியே நின்றால் பேக்லைட் கசிவு, மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஃபோனில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கேமரா அதைப் பூதாகரமாகக் காட்டும்.

---

சால்டரிங்_சாமி:

ஒன்று விட்டுப்போனது. இந்த விலையில் ஸ்டாண்ட் பெரும்பாலும் முன்பின் சாய மட்டும் செய்யும், உயரம் ஏறாது. பின்னால் 75க்கு 75 அல்லது 100க்கு 100 மில்லிமீட்டர் வெசா துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு ஆர்ம் மாட்டலாம். திருகு பொதுவாக எம்4. நீளமான திருகைப் போட்டு முறுக்கினால் உள்ளே போர்டில் குத்திவிடும்.