புதுப்பிப்பு: 'ஆறரைக்கு எழுகிறேன்' நார்வேஜியனில்

'ஐ வேக் அப் அட் சிக்ஸ் தர்ட்டி'க்கு 'ஸ்டோ ஒப்' போட்டால் சரியா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். சரியில்லை. அது படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பதற்கு 'வோக்னெ', அடுத்தவரை எழுப்புவதற்கு 'வெக்கெ'. தமிழிலும் விழி, எழுப்பு, எழுந்திரு என்று தனித்தனியாகத்தானே இருக்கிறது! ஆங்கிலம் வழியாகப் போய்க் குழம்பிவிட்டேன்.

அப்புறம் நேரம். 'ஹல் ஷூ', சொல்லுக்குச் சொல் 'அரை ஏழு'. ஆனால் ஏழரை இல்லை, ஆறரை. இதை ஏழரை என்று நினைத்து ஒருநாள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். தூங்கிப்போய்விட்டேன் என்று சமாளிக்க 'யை ஃபொர்சோவ் மை' இருக்கிறது. கடைசி 'மை'யை மட்டும் விட்டுவிடாதீர்கள். அலாரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும் ஸ்னூஸுக்குப் பேச்சில் ஸ்னூஸ் என்றே சொன்னாலும் புரியும்.