பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை), சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்கு லாயர் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "நல்ல இமிக்ரேஷன் லாயர் யாராவது தெரியுமா?" என்பதுதான். பெயர் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். உங்கள் கேஸில் எந்த இடம் இடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? பலர் யோசித்திருக்கவே மாட்டார்கள். அதை யோசிக்காமல் லாயரைத் தேடினால், யார் முதலில் நம்பிக்கையாகப் பேசுகிறாரோ அவரிடம் போய் நிற்போம். நான் அப்படித்தான் போய் நின்றேன்.

கனடாவில் என் பி.ஆர். விண்ணப்பத்தை ஒரு கன்சல்டன்ட் (வழக்கறிஞர் அல்லாத குடிவரவு ஆலோசகர்) தயார் செய்தார். அதற்குச் சில வருடங்கள் முன்பு வேறொரு நாட்டில் எனக்கு விசிட்டர் விசா மறுக்கப்பட்டிருந்தது. அவரிடம் சொன்னேன். "அது பழைய கதை, வேறு நாடு, எழுத வேண்டாம்" என்றார். "இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டு அனுப்பிவிட்டார். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். சில மாதங்கள் கழித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கனடாவில் பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் 5 வருடம் விண்ணப்பிக்கவே முடியாது. அந்தக் கடிதம் வந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, நடந்ததை அப்படியே எழுதி, ஆதாரங்களோடு பதில் கொடுத்து மீண்டோம். அந்தக் கன்சல்டன்டின் பெயர் என் ஃபைலில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விண்ணப்பத்தை நானே நிரப்பியதாகத்தான் பதிவாகியிருந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கும் ஒருவர், அந்த நாட்டு அரசுக்குத் தன் பெயரையும் உரிம எண்ணையும் கொடுத்தாக வேண்டும். கனடாவில் ஐ.எம்.எம். 5476, அமெரிக்காவில் ஜி-28, ஆஸ்திரேலியாவில் 956 என்று அதற்கென்றே படிவங்கள் இருக்கின்றன. "இதெல்லாம் வேண்டாம், நீங்களே போட்டதுபோல் போடுவோம், சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவரிடம் உரிமம் இல்லை, அல்லது உங்கள் ஃபைலுக்குப் பொறுப்பேற்க அவருக்கு மனமில்லை. இரண்டில் எதுவானாலும் நமக்கு வேண்டாம்.

உரிமம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கனடாவில் வழக்கறிஞர் என்றால் அந்த மாகாணத்தின் லா சொசைட்டி (வழக்கறிஞர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பட்டியலில் இருப்பார். கன்சல்டன்ட் என்றால், 2021 நவம்பர் முதல் அவர்களை ஒழுங்குபடுத்தி வரும் காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பிரிட்டனில் குடிவரவு ஆலோசகர்களைப் பதிவு செய்யும், ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்புக்கு 2025 ஜனவரியில் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்று பெயர் மாறியது. அதன் பதிவேட்டில் ஆலோசகரின் நிலை 1, 2 அல்லது 3 என்று போட்டிருக்கும். 1-ஆம் நிலையில் இருப்பவர் எளிய விண்ணப்பங்களைத்தான் தொடலாம், தீர்ப்பாயத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. ஆஸ்திரேலியாவில் மைக்ரேஷன் ஏஜென்டுக்கு ஏழு இலக்கப் பதிவு எண் உண்டு. முழு உரிமம் உள்ள வழக்கறிஞர்கள் 2021 மார்ச் முதல் அந்தப் பதிவு இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம் என்பதால், அவர்களை மாநில வழக்கறிஞர் பட்டியலில் தேட வேண்டும். நியூசிலாந்தில் 2007-இல் வந்த சட்டப்படி, நாட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆலோசனை சொல்பவருக்கும் உரிமம் கட்டாயம். பெயரை மட்டும் தேடாமல் எண்ணையும் தேடுங்கள். அடுத்தவருடைய எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பழைய ஒழுங்கு நடவடிக்கைகள் ஏதாவது இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அமெரிக்காவில் குடிவரவு என்பது மத்திய அரசின் சட்டம். ஆகவே எந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞரும் உங்கள் கேஸை எடுக்கலாம், பக்கத்து ஊரில்தான் தேட வேண்டும் என்றில்லை. அவர் உரிமம் பெற்ற மாநிலத்தின் பார் (வழக்கறிஞர் அமைப்பு) இணையதளத்தில் சரிபார்த்தால் சரி. ஆனால் நோட்டரி என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தியாவில் நோட்டரி என்றால் பெரும்பாலும் அனுபவமுள்ள வக்கீல். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான்.

சரி, எல்லோருக்கும் லாயர் வேண்டுமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம். பி.ஆர். வாங்கி, வேலை, வரி எல்லாம் ஒழுங்காக இருந்து, கேஸ் எதுவும் இல்லாமல், நாட்டில் இருந்த நாள் கணக்கும் சரியாக வருகிறவர் சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தைத் தாமே போடலாம். அந்த நாள் கணக்கைத்தான் கவனமாகப் போட வேண்டும். கனடாவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாட்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 4 வருடத்தில் மொத்தம் 12 மாதத்துக்கு மேலும், கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் தொடர்ந்து வசித்ததற்கே கேள்வி எழும். பாஸ்போர்ட் முத்திரைகளையும் டிக்கெட்டுகளையும் வைத்து உங்கள் பயணப் பட்டியலை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். எந்த லாயராலும் உங்கள் ஞாபகத்தைத் தோண்டி எடுக்க முடியாது.

எங்கே கட்டாயம் லாயர் வேண்டும்? முன்பு மறுப்பு வந்திருந்தால், விசா காலாவதியான பிறகு சில நாட்களாவது தங்கியிருந்தால், போலீஸ் கேஸ் இருந்தால் (தள்ளுபடி ஆனதும் சேர்த்தி), ஸ்பான்சர் செய்த துணையோடு பிரிவு வந்தால், விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது வேலை போனால், சார்ந்திருக்கும் பிள்ளை வயது வரம்பைத் தொடப் போகிறார் என்றால். கனடாவில் அந்த வரம்பு 22, அமெரிக்காவில் 21. ஆவணங்களில் பெயர் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததும் சின்ன விஷயமில்லை. ஓரிடத்தில் இனிஷியலாகவும் இன்னோரிடத்தில் விரித்தும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதைக் காட்டி யோசனை கேளுங்கள்.

தமிழ் பேசும் லாயர்தான் வேண்டும் என்று பலர் தேடுகிறார்கள். பெற்றோருக்காக விண்ணப்பிக்கும்போது அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் திருமணம், பழைய மறுப்பு, ஒரு கைது என்று சொல்லக் கூசும் விஷயங்களை, "நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடுமோ" என்று பயந்து தமிழ் லாயரிடமே மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் உங்கள் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர், வெளியே சொன்னால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் முன்பின் தெரியாத ஒரு லாயரிடம் போங்கள், மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மொழிபெயர்க்க உறவினரைக் கூட்டிப் போகாதீர்கள், மறைக்க நினைத்தது அவரிடமிருந்தாகவும் இருக்கலாம்.

கம்பெனி கொடுக்கும் லாயர் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். அவர் கம்பெனிக்கும் வேலை செய்கிறார், பெரும்பாலும் கம்பெனியிடமிருந்துதான் உத்தரவு வாங்குகிறார். நீங்கள் வேலை மாற நினைப்பதை அவரிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. அதற்கு வெளியே ஒரு மணி நேரம் தனி லாயரிடம் பணம் கொடுத்துப் பேசுவது நல்லது. அமெரிக்காவில் கம்பெனி மூலம் வரும் கிரீன் கார்டின் முதல் படியான பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) செலவை, லாயர் கட்டணத்தையும் சேர்த்து, கம்பெனியே ஏற்க வேண்டும் என்பது விதி. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

முதல் சந்திப்பில் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "என் கேஸில் பலவீனமான இடம் எது?" ஃபைலைப் படித்தவர் அதைச் சொல்வார். "கவலையே வேண்டாம், நூறு சதவீதம் கிடைக்கும்" என்பவர் படிக்கவில்லை. முடிவு எடுப்பது அரசு அதிகாரி, அதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அடுத்து, என் ஃபைலை உண்மையில் யார் தயார் செய்வார், நீங்களா உங்கள் உதவியாளரா என்று கேளுங்கள். கட்டணம் மொத்தமாகவா மணிக்கணக்கிலா, அரசுக் கட்டணம் அதில் சேர்த்தியா, கூடுதல் ஆவணம் கேட்டு வந்தால் பதில் எழுதத் தனியாகக் கட்ட வேண்டுமா, மறுப்பு வந்தால் மேல்முறையீடு யார் பொறுப்பு, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் அங்கேயே ரசீது வாங்குங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அனுப்புவதற்கு முன் முழு விண்ணப்பத்தையும் பி.டி.எஃப். வடிவில் கேட்டு, ஒரு நாள் எடுத்து, ஒவ்வொரு கேள்வியாகப் படியுங்கள். 'ஆம், இல்லை' கேள்விகளை இரண்டு முறை. அனுப்பிய பிறகு அதே பிரதியும் அரசு கொடுத்த ரசீது எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அது மூன்று எழுத்தும் பத்து இலக்கமுமாக இருக்கும், அதை வைத்து நிலையை நீங்களே பார்க்கலாம். அசல் பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

லாயர் பதிலே சொல்வதில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். புதியவர் தன் பெயரில் பிரதிநிதிப் படிவத்தைப் போட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார். பழையவரிடம் உங்கள் ஃபைலை எழுத்தில் கேளுங்கள். பணம் பற்றாக்குறை என்றால் சட்டக் கல்லூரிகள் நடத்தும் இலவச ஆலோசனை மையங்களை விசாரியுங்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகரித்த பிரதிநிதிகள் லாப நோக்கற்ற அமைப்புகளில் இருக்கிறார்கள்; வழக்கறிஞராக இல்லாவிட்டாலும் அவர்கள் சட்டப்படி உங்களுக்காக விண்ணப்பிக்கலாம்.