புதுப்பிப்பு: வேர்டில் சுட்டியைத் தொடாமல் புக்மார்க்குகளுக்குச் செல்வது

மைக்ரோசாஃப்ட் வேர்டில் நீண்ட ஆய்வேட்டைத் திருத்தும்போது சுட்டியை (மவுஸை) நாடாமல் ஒரு புக்மார்க்கிலிருந்து (ஆவணத்தில் ஓரிடத்துக்குப் பெயரிட்டு வைக்கும் அடையாளம்) இன்னொன்றுக்குச் செல்ல வழி உண்டா என்று இவ்விழையின் தொடக்கத்தில் கேட்டிருந்தேன். புக்மார்க் பெட்டியைத் திறக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்5 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தலாம் என்று பலர் பதிலளித்திருந்தீர்கள். அதுவே இப்போது என் அன்றாட வழக்கமாகிவிட்டது. அங்கே அம்புக்குறி விசையால் பெயரைத் தேர்ந்து ஆல்ட்+ஜி அழுத்தினால், கர்சர் உரிய இடத்திற்குப் போய்விடுகிறது.

இதைவிட விரைவான வழி ஒன்றும் உண்டு. எஃப்5 மட்டும் அழுத்தி, பக்க எண்ணைக் கேட்கும் கட்டத்தில் புக்மார்க்கின் பெயரையே தட்டச்சு செய்து என்டர் கொடுத்தால் போதும். ஆகவே பெயர்களைச் சுருக்கமாக வைப்பது நல்லது. பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி கூடாது, 40 எழுத்துக்குறிகளுக்கு மேல் போகக் கூடாது. மடிக்கணினி சிலவற்றில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

திரும்பி வருவதுதான் எனக்கு முக்கியமான சிக்கல். ஷிஃப்ட்+எஃப்5 கடைசியாகத் திருத்திய இடங்களுக்குத்தான் அழைத்துச் செல்லும்; படித்துக்கொண்டு மட்டும் இருந்த இடத்தை அது அறியாது. எனவே கிளம்பும் முன் ‘இடம்’ என்ற ஒரே பெயரில் தற்காலிகப் புக்மார்க் ஒன்றை இடுகிறேன். அதே பெயரை வேறிடத்தில் மீண்டும் சேர்த்தால் பழையது தானாகவே அங்கு நகர்ந்துவிடுவதால், பட்டியலில் குப்பை சேர்வதில்லை.

லிப்ரேஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுதுமென்பொருளைப் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே எஃப்5 நேவிகேட்டர் என்ற, ஆவணத்தின் பகுதிகளைப் பட்டியலிடும் பலகத்தைத் திறக்கும், புக்மார்க்குகள் அதில் தனித் தலைப்பின் கீழ் வரிசையாக இருக்கும்.